நாணலை விட்டுவிட்டுக் குப்பையை எடுங்கள்: ஆறு சுத்தம் செய்யும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாமிரபரணிக் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பை அள்ள இறங்கும் அண்ணாச்சிமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்கு இயந்திரமும் டீசலும் காலைச் சாப்பாடும் கொடுத்து உதவும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் அம்பாசமுத்திரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். உங்களில் சிலருடைய தோட்டத்து மோட்டார் என் கடைப் பலகையில் பிரிந்து கிடந்திருக்கும். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளில் மோட்டார் புகைந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த வகையில் முப்பது வருடமாக ஆற்றோடு எனக்குப் பழக்கம். பழக்கம் என்றுதான் சொல்ல முடியும், ஆற்றைத் தெரியும் என்று சொல்ல முடியாது. அது இந்தத் தை மாதம் புரிந்தது. பொங்கல் கழிந்த மறுவாரம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஒரு கயாக்கில் தனியாகத் துடுப்புப் போட்டுப் போனேன். எட்டு நாள் ஆனது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. நான் முப்பது வருடம் கரையில் நின்று உச்சுக்கொட்டியவன், நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியவர்கள். ஆனால் வழியில் ஒரு காலைப்பொழுதில் உங்களில் ஒரு குழு செய்த வேலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எந்தக் குழு, எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் தலைகுனிவார்கள், மற்றவர்கள் அடுத்த ஞாயிறும் அதையே செய்வார்கள்.

கயாக் என்பது ஒருவர் காலை நீட்டி உட்காரும் ஒடுங்கிய படகு. என்னுடையது காற்றடைக்கும் வகை, 14 கிலோ. கொச்சியில் ஒருவர் ஆசையாக வாங்கிச் சலித்துப்போனதை நான் பாதி விலைக்கு எடுத்தேன். கனம் குறைவாக இருந்தது நல்லதாகப் போயிற்று. கோடைமேலழகியான் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகளிலும் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து சுற்றித்தான் மறுபக்கம் இறக்க வேண்டும். மேலே காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறைப் பக்கம் புலிகள் காப்பகம். அங்கே படகு இறக்கக் கூடாது, நான் இறக்கவும் இல்லை. பாபநாசம் கோயில் படித்துறைக்கும் கீழேதான் என் பயணம் தொடங்கியது. அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருபது கட்டித் தந்தார். உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக் காட்டினால்தான் வாசலைத் தாண்ட விட்டார்.

முதல் இரண்டு மணி நேரம் நான் பார்த்ததெல்லாம் துணி. பரிகாரத்துக்குத் தலைமுழுகிவிட்டு விட்டெறிந்த வேட்டியும் சேலையும் பாறை இடுக்கிலும் மருதவேரிலும் சுற்றிக் கிடந்தன. நீங்கள் எத்தனை டன் எடுத்தாலும் அடுத்த அமாவாசைக்கு அதே அளவு சேர்ந்துவிடுகிறது. விக்கிரமசிங்கபுரம் தாண்டும்போது துடுப்பில் ஒரு சேலைத் தலைப்பு மாட்டியது. இழுத்தேன். சேலையோடு அறுந்துபோன நைலான் வலை ஒரு துண்டு வந்தது. வலைக்குள் ஒரு பால் ஆமை.

பால் ஆமைக்கு முதுகு ஓடு கல் மாதிரி இருக்காது, தோல் போர்த்தியதுபோல் வழவழப்பாக இருக்கும். மூக்கு சின்னக் குழாய் மாதிரி நீண்டிருக்கும். இந்த ஆமையின் இடது முன்காலில் நைலான் இழை சதைக்குள் இறங்கி, இழையைச் சுற்றிச் சதை வெளுத்துப் போயிருந்தது. பெட்டியில் பழக்கதோஷத்தில் எடுத்துப் போட்டிருந்த கட்டிங் பிளேயர் இருந்தது. படகை ஒரு பாறையில் ஒதுக்கி, ஆமையை மடியில் மல்லாத்தி வைத்து, ஒவ்வொரு கண்ணியாக வெட்டினேன். பதினோரு கண்ணி. ஸ்டேட்டர் காடிக்குள் மாட்டிய பழைய கம்பியை எடுக்கும் அதே வேலைதான். என்ன, மோட்டார் கடிக்க வராது. ஆமை முதலில் கழுத்தை நீட்டி என் கட்டைவிரலைப் பிடிக்கப் பார்த்தது. முடியவில்லை என்றதும் தலையையும் காலையும் உள்ளே இழுத்து, அடியில் இருக்கும் தோல்மூடிகளையும் சாத்திக்கொண்டது, கடையடைப்பு நாளில் ஷட்டர் இறக்குவதுபோல. கடைசிக் கண்ணி போனதும் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு நான்கு காலும் ஒன்றாக வெளியே வந்தன, அடியில் ஒரு புகைபோலக் கரம்பை கிளம்பியது, ஆமை இல்லை.

இந்த வேலைக்கு நீங்கள் வேண்டும். துணி, நைலான் வலை, குளிர்பானப் பாட்டில், ஷாம்பு உறை, கோயில் மாலையில் வரும் பிளாஸ்டிக் நார்: இவற்றை எடுக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை.

இனி அந்தக் காலைப்பொழுதுக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் ஓர் இடம். ஆறு அங்கே வளைந்து ஒரு கசமாக ஆழ்ந்து கிடக்கிறது. ஒரு கரை முழுக்க ஆளுயர நாணல், பின்னால் நான்கைந்து மருதமரங்கள். வெயில் தாழ்ந்திருந்தது. நாணலுக்குள்ளிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்டது. யாரோ பையன் விசிலடிக்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை சத்தம் தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது. துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். காற்று என் முகத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்ததால் என் வாடை அந்தப் பக்கம் போகவில்லை.

பத்துக் கஜத்தில் ஒரு தலை எழுந்தது. தட்டையான தலை, ஒட்டின காது, மீசை மயிர் நுனியில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர். என்னைப் பார்த்து ஒரு தும்மல் தும்மியது. அதன் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது, பின்னால் இரண்டு. நீர்நாய்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், உறைகிணற்று மேடையில் எச்சத்தைப் பார்த்திருக்கிறேன், ஆளை நேரில் பார்த்தது அன்றுதான். நடுவில் இருந்தது கழுத்துவரை நிமிர்ந்து, ‘இது என்ன ஜந்து, பாதி மனுஷன் பாதி ரப்பர்’ என்பதுபோல என்னை அளந்தது. ஒரு நிமிடம் கழித்து என்மேல் அக்கறை போய்விட்டது. ஒன்று முங்கி, ஒரு ஜிலேபிக் கெண்டையோடு மேலே வந்தது. பாறையில் ஏறி, மீனை இரண்டு முன்கையாலும் பிடித்துத் தலைப்பக்கமிருந்து தின்றது. முறுக்குக் கடிக்கிற சத்தம், அத்தனை தூரத்துக்குக் கேட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் ஆற்றுக் கெண்டையையும் அயிரையையும் ஓரங்கட்டிவிட்ட மீன் அந்த ஜிலேபி. ‘நாய் மீனைத் தின்றுவிடுகிறது’ என்று குறைபடும் வலைக்காரர்கள் இதையும் கணக்கில் வைக்கலாம்.

அந்த ஆசாமி தின்றுகொண்டிருந்த பாறைக்கு நேர் பின்னால், மருதவேர்களுக்கு நடுவே கரைமண்ணில் ஒரு வளை. கூடை வாய் அளவு இருக்கும். முன்னால் நாணல் திரை போட்டதுபோல் மறைத்திருந்தது. ஆள் போய் வந்து வாசல் மண் வழவழவென்று தேய்ந்திருந்தது. தாய் மீனின் பாதியை வாயில் கவ்விக்கொண்டு அங்கே போனது. உள்ளேயிருந்து இரண்டு குட்டித் தலைகள் வந்தன. கண் மங்கலாக, எலியைவிடக் கொஞ்சம் பெரிதாக. நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போதே நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா? தாய்தான் பிடரியைக் கவ்வித் தண்ணீரில் இறக்கிப் பழக்க வேண்டும். அதுவரை வளைதான் வீடு.

இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எதிர்க்கரையில் ஒரு கல்மண்டபத்தில் படுத்தேன். மேலே மின்நிலையத்துக்குத் தண்ணீர் விடுவார்கள், இரவில் ஆறு அரையடி ஏறும் என்று தெரியும் என்பதால் படகைத் தூணில் கட்டியிருந்தேன்.

காலை ஆறரைக்கு எதிர்க்கரையில் ஆள் சத்தம். பனியன்களில் ஒரே வாசகம், ஒரு பேனர், இலைப் பொட்டலத்தில் பொங்கல். உங்கள் குழுதான். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பாதிப் பேர் சாக்கு எடுத்துக்கொண்டு துணி பொறுக்க இறங்கினார்கள். ஏழு மணிக்கு ஒரு பொக்லைன் வந்தது.

நான் படகை அவிழ்த்து ஆற்றைக் கடப்பதற்குள் அது நாணலில் இறங்கிவிட்டது. நாணல், கோரை, அடியில் இருக்கும் மண், வேர் எல்லாவற்றையும் வழித்து எடுத்து மேலே குவித்தது. கரைச்சரிவைக் கரண்டியின் முதுகால் தட்டிச் சமமாக்கியது. நான் கத்தினேன். ஒரு தம்பி, நல்ல பையன், ஓடி வந்தான். “அண்ணாச்சி, புதர் மண்டிக் கிடக்கிறது. பாம்பு அடையும், குடிகாரர்கள் உட்காருவார்கள். எல்லாவற்றையும் எடுத்தால்தான் ஆறு தெரியும்” என்றான். நான் நீர்நாய் என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த ஆற்றில் நீர்நாயா என்று சிரித்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. முந்தின நாள்வரை நானும் சிரித்திருப்பேன். அவன் போய்ச் சொல்லி இயந்திரத்தை நிறுத்துவதற்குள் வளை இருந்த இடத்தில் மண் தட்டியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு அந்தக் கரை சாணி மெழுகிய திண்ணைபோல இருந்தது. எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கை தட்டத்தான் தோன்றும்.

குட்டி செத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. இயந்திரச் சத்தம் கேட்டதுமே தாய் இரண்டையும் கவ்விக்கொண்டு போயிருக்கலாம். அன்று நான் பயணத்தை நிறுத்திவிட்டுச் சாயங்காலம்வரை இருந்தேன். ஐந்தரை மணிக்கு ஒரே ஒரு நீர்நாய் வந்தது. மெழுகிய கரைக்கு நேராக மேலும் கீழும் நீந்தியது. சீழ்க்கையடித்தது. அரைமணி நேரம் அப்படியே. பிறகு கீழ்ப்பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இதற்குப் பிறகு நான் கரையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். நமக்கு அசிங்கமாகத் தெரியும் இடத்தில்தான் குடியிருப்பு. செங்குத்தாக இடிந்து நிற்கும் மண்கரை இருக்கிறதே, ‘கரை சரிந்துவிட்டது, கல் பதிக்க வேண்டும்’ என்று நாம் மனுக் கொடுப்போமே, அதில்தான் மீன்கொத்தி துளை போடுகிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆற்றுக்கு நடுவில் அந்தரத்தில் சிறகடித்து ஒரே இடத்தில் நிற்கும், பிறகு கல் விழுந்ததுபோல் தலைகீழாக விழும். அது கரையில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமாகக் குடைந்து அதற்குள் முட்டையிடும். சரிவாகத் தட்டிய கரையில் அதனால் குடைய முடியாது, சிமெண்டுக் கரையில் கேட்கவே வேண்டாம். முக்கூடல் பக்கம் ஓர் இடிந்த கரையில் ஏழு துளை எண்ணினேன். நான்கில் வாசலில் மண் ஈரமாக இருந்தது, புதிதாகத் தோண்டியது. பக்கத்தில் மாசித் திருவிழாவுக்காகக் கரையைச் ‘சீர்படுத்தி’ முடித்திருந்த படித்துறையில் ஒன்றுகூட இல்லை.

நாணலுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகப் போகும் படகில் இருந்தால்தான் தெரிகிறது. கரையில் நடந்தால் நம் காலடிச் சத்தத்துக்கே உள்ளே போய்விடும். தாழைக்கோழி, நீலத்தாழைக்கோழி, வக்கா, செந்நாரை, தூக்கணாங்குருவி. வெள்ளத்தில் குஞ்சு மீன்கள் ஒதுங்குவதும் அந்த வேருக்குள்தான். பாம்பும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கோபாலசமுத்திரம் தாண்டியதும் ஒரு நீர்க்கோலி என் படகின் மூக்கில் ஏறிச் சுருண்டுகொண்டது. விஷம் கிடையாது என்று எனக்குத் தெரியும், என் முழங்காலுக்குத் தெரியவில்லை. கால்மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரே டிக்கெட்டில் போனோம். அதன்பிறகு ஒரு பாம்புத் தலை தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தபோது துடுப்பை ஓங்கிவிட்டேன். அது பாம்பே இல்லை, பாம்புத்தாரா. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. என்னை முறைத்துவிட்டு, ஒரு பாறையில் ஏறிச் சிறகை விரித்து உலர்த்த ஆரம்பித்தது. அந்தப் பறவையின் இறகில் தண்ணீர் ஊறும், அதனால்தான் முங்க முடிகிறது, அதனால்தான் குளித்த வேட்டியைப்போலக் காயப்போட வேண்டியும் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்றைக்கும் மருதக் கிளைகளில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் சேலைக் கிழிசல் தொங்குகிறது. தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று ஆறே எழுதி வைத்த குறி. எட்டு நாளும் நான் பார்த்துக்கொண்டே போனது இதுதான்: நாணலும் மருதும் விட்டுவைத்த கரைகள் பெரும்பாலும் நின்றிருக்கின்றன. மொட்டையடித்த இடங்களில் வயல்வரை அரித்த பள்ளம் கிடக்கிறது. நான் என்ஜினியர் இல்லை. வேர் பிடித்த மண் எப்படி, வேர் இல்லாத மண் எப்படி என்று தெரிந்துகொள்ள என்ஜினியராக இருக்கத் தேவையில்லை.

திருப்புடைமருதூரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் குறை சொல்லும் மடலாகவே போய்விடும். கடனாநதி தாமிரபரணியில் வந்து சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் மரச்சிற்பத்தையும் ஓவியத்தையும் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். நான் ஆற்றுப் பக்கமிருந்து போனதால் முதலில் மூக்குக்குத்தான் ஊர் தெரிந்தது. மருதமரத்திலும் இலுப்பையிலும் கிளைக்குக் கிளை பறவைகள், அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் எச்சம், மீன் கவிச்சி. நாரைகள் அலகைத் தட்டிக்கொள்ளும் சத்தம், நூறு பேர் ஒரே நேரத்தில் தாயக்கட்டை உருட்டுவதுபோல. இந்த வகை நாரைக்கு வளர்ந்தபிறகு குரல் இல்லை என்றே சொல்லலாம், அலகுதான் அதற்கு வாய்ப்பேச்சு.

அந்த ஊர் மக்கள் எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பறவைகளை விட்டுவைத்தார்கள். 2005இல் அரசு அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இப்படி ஊர்மக்களை முன்னிறுத்தி அறிவித்தவற்றில் அதுதான் முதலாவது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம், “இந்த நாற்றம் உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?” என்று கேட்டேன். “எங்கள் வீட்டு ஆட்டுத் தொழுவம் மட்டும் மணக்கிறதா, அய்யா?” என்றார். சுத்தத்துக்கு அந்த ஆச்சி வைத்திருக்கும் அர்த்தம் வேறு. அங்கே பறவை எச்சம் அசுத்தம் இல்லை. அதே படித்துறையில் யாரோ எறிந்த ஷாம்பு உறையை அவர் எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார்.

திருநெல்வேலிக்குள் நுழைந்தது ஐந்தாம் நாள். குறுக்குத்துறையில் ஆற்றுக்கு நடுவில் நிற்கும் முருகன் கோயிலைச் சுற்றிக்கொண்டு போனேன். அதுவரை தண்ணீர் தண்ணீராக இருந்தது. பிறகு துடுப்பைத் தூக்கினால் சொட்டுகிற தண்ணீர் கையில் படாமல் பார்த்துக்கொண்டேன். 1843இல் சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிய பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் போகிறபோது பெருமைப்பட வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பெருமைப்படுவது கடினம். சாக்கடை வந்து சேரும் ஓரங்களில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக நின்றன. சிவப்புக் குச்சிக் கால், பார்க்க அழகு. ஆனால் கழிவுநீர்ச் சேற்றில் புழு அதிகம் என்பதால்தான் அந்தக் கூட்டம். மேலே பார்த்த பாம்புத்தாராவும் ஆற்று ஆலாவும் இங்கே கண்ணில் படவில்லை. நீர்நாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இங்கேயும் ஒரு கரையில் நாணலை வழித்து, சமன் செய்து, செடி நட்டு, வேலி போட்டிருந்தார்கள். பத்தடி தள்ளிக் கறுப்பாக ஓடை ஒன்று ஆற்றில் இறங்குகிறது. அதை யாரும் தொடவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார்கோயில் ஆண்டி என்பார்கள். இந்த ஆற்றில் இளைத்தது நாணல். அது வழக்குப் போடாது, ஓட்டுப் போடாது, ஒரு மணி நேர டீசலில் காணாமல் போகும். சாக்கடைக் குழாயை நிறுத்த வருடக்கணக்காக அலைய வேண்டும், அதற்குப் பேனர் கட்டிப் படம் எடுக்க முடியாது. உங்கள் இளைஞர்களுடைய ஆத்திரத்தையும் கால்களையும் அந்த அலைச்சலுக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலந்தபிறகு தண்ணீர் கொஞ்சம் மூச்சு விட்டதுபோல் இருந்தது. அன்று இருட்டும் நேரத்தில் ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வானத்தில் பழந்தின்னி வௌவால்கள் வரிசையாகக் கிளம்பின. அவற்றில் சில தாழ இறங்கி, வயிற்றுமயிர் தண்ணீரில் உரச ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே போயின. தாகத்துக்குக் குடிப்பது அப்படித்தான். நனைந்த மயிரைப் பிறகு கிளையில் தொங்கிக்கொண்டு நக்கும். ஒன்று என் படகுக்கு ஓர் அடி தள்ளிக் கோடு இழுத்தது. சிறகுக் காற்று கன்னத்தில் பட்டது. இரவு முறப்பநாட்டுப் பக்கம் நரிகள் ஊளையிட்டன. அதற்கு ஊர் நாய்கள் பதில் சொல்ல, நான் தூங்கியது மூன்று மணிக்கு.

மருதூர் அணைக்கட்டைத் தாண்டியதிலிருந்து அமலை, அதாவது ஆகாயத்தாமரை. ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே ஓர் இடத்தில் கரைக்குக் கரை அடைத்துக் கிடந்ததால் கயாக்கை இழுத்துக்கொண்டு நடந்தேன். இதை எடுங்கள். அமேசான் பக்கத்துச் செடி, நம் சாக்கடையைத் தின்று கொழுக்கிறது. இதற்கு இயந்திரமும் சரி. ஆனால் எடுக்கும் விதத்தில் ஒரு விஷயம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அள்ளாதீர்கள். ஒரு பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் இலைக்கோழியும் தாழைக்கோழியும் மறுபக்கம் நகர வழி கிடைக்கும். எடுத்த குவியலை உடனே லாரியில் ஏற்றாமல் ஓர் இரவு தண்ணீரோரமாகப் போட்டு வையுங்கள். நான் ஒரு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நீர்க்கோலி, நண்டுகள், கையகல ஆமைக்குஞ்சு ஒன்று எல்லாம் அதிலிருந்து இறங்கி ஆற்றுக்குள் போயின. லாரியில் ஏற்றியிருந்தால் அவை குப்பைக் கிடங்கில் இறங்கியிருக்கும்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் மெலிந்துவிட்டது, ஏரல்வரை பாதி நடை. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் வாசனை காற்றில் வந்தது. புன்னைக்காயலில் அலையாத்திச் செடிகளுக்கு நடுவே கடல் தெரிந்தபோது மீன் பிடிக்கும் பருந்தான விராலடிப்பான் ஒன்று மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. படகைக் காற்றிறக்கி மடித்து, பஸ்ஸின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எந்த மாதத்தில் கரையைத் தொடலாம் என்று கேட்டீர்கள் என்றால், கைகளால் குப்பை எடுக்க எல்லா மாதமும் நல்ல மாதம்தான். இயந்திரத்துக்கு நல்ல மாதம் எனக்குத் தெரிந்து இல்லை. மழை முடிந்ததும் நீர்நாய்க்குக் குட்டி. மாசி பங்குனியில் மீன்கொத்தி. கோடையில் ஆள்காட்டியும் ஆற்று ஆலாவும் மணல்திட்டில் முட்டையிடும். ஆகவே நாள் பார்ப்பதைவிட முறையை மாற்றிக்கொள்வதுதான் நடக்கிற காரியம். படித்துறைக்கு ஆள் நடக்கும் அகலத்துக்கு நாணலை அரிவாளால் வெட்டிக்கொள்ளுங்கள். வேரை விட்டுவிடுங்கள், அது மறுபடி வரும். ஒரு கரையைச் சரிசெய்யும் வருடம் எதிர்க்கரையைத் தொடாதீர்கள். மண்கரையில் துளை தெரிந்தால் அங்கே கல் பதிக்கச் சொல்லி மனு எழுதாதீர்கள். 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது, நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் அதில் போகிறார்கள். அவர்களில் ஒருவரை முந்தின நாள் சாயங்காலம் அழைத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். சீழ்க்கைச் சத்தம் கேட்டால் மறுநாள் பொக்லைன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நீர்நாயும் ஆமையும் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. வளையை மூடியது யார் என்று கேட்டு வனத்துறை வந்தால் பேனரில் இருக்கும் பெயர்கள் எல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, அந்தத் தம்பியின் பெயரும் அந்தப் பேனரில் இருந்தது என்பதால் சொல்கிறேன்.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் காயிலைக் கட்ட வெள்ளைக் காட்டன் டேப் வாங்கி வைத்திருப்பேன். பாபநாசத்திலிருந்து சுத்தமல்லி வரை எனக்குத் தெரிந்த வளைகளுக்கும் துளைகளுக்கும் இரண்டு பக்கமும் இருபது அடி விட்டு, நாணலில் அந்த டேப்பை முடிந்து வைத்திருக்கிறேன். ஆற்றிலிருந்து பார்த்தால்தான் தெரியும், ரோட்டிலிருந்து தெரியாது. அடுத்த ஞாயிறு நீங்கள் எந்தத் துறையில் இறங்கினாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை சாயங்காலமே கயாக்கோடு வந்துவிடுகிறேன். டேப் முடிந்திருக்கும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அங்கே மட்டும் சாக்கோடு இறங்குவோம். பொங்கல் பொட்டலம் எனக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் காயில் கடைக்காரன்